இரவு 2 மணி, இடது பக்கம்

இரவு 10.00 – நேராக.
12.10 – வலது பக்கம்.
2.00 – இடது பக்கம்.
4.05 – நேராக.

2018 பிப்ரவரியில் ஓர் இரவுக்கு நான் எழுதிய பதிவு இது. இருநூறு பக்க நோட்டு, என் கையெழுத்து. இதில் முதல் வரி மட்டும்தான் நடந்தது. மற்ற மூன்றையும் மறுநாள் காலை ஆறரை மணிக்கு, காப்பி டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன். இரவு பத்து மணிக்கு மல்லாக்கப் படுக்கவைத்த என் அம்மா விடியும்வரை மல்லாந்தே கிடந்தாள். அவளால் தானாகத் திரும்பிப் படுக்க முடியாது. திருப்பிப் படுக்கவைக்க வேண்டியவன் பக்கத்துக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

12.10, 4.05 என்று நிமிடங்களை ஏன் சேர்த்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நகைக்கடன் பதிவேடு, உரக் கிடங்கின் இருப்புப் பதிவேடு, ரேஷன் கடைப் பில் புத்தகம் என்று ஆயிரக்கணக்கில் புரட்டியிருக்கிறேன். உட்கார்ந்த இடத்தில் மொத்தமாக எழுதிய பொய்ப் பதிவேடு எனக்குப் பார்த்தவுடன் தெரியும். ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். அடித்தல் திருத்தல் இருக்காது. எண்கள் எல்லாம் முழுசாக இருக்கும். இந்த அறிவை வைத்து எத்தனையோ செயலாளர்களைப் பிடித்தேன். அதே அறிவைத்தான் அம்மாவின் நோட்டில் பயன்படுத்தினேன். சில வரிகளை நீல மையிலும் சில வரிகளைக் கறுப்பிலும் எழுதினேன். ஓரிடத்தில் வேண்டுமென்றே ஒரு நேரத்தை அடித்துத் திருத்தியிருக்கிறேன். தூக்கக் கலக்கத்தில் செய்த தவறு என்று யாரும் இதைச் சொல்ல முடியாது. நானும் சொல்லக் கூடாது.

அம்மாவுக்கு 2017 அக்டோபரில் வாதம் அடித்தது. அப்போது அவளுக்கு வயது 76. விருதுநகரில் எங்கள் வீட்டு வாசலில் காலையில் கோலம் போட உட்கார்ந்தவள் அப்படியே வலது பக்கமாகச் சாய்ந்துவிட்டாள். கையில் கோலப்பொடி இருந்தபடியே மதுரைக்குக் கொண்டுபோனோம். மூளையின் இடது பக்கம் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்றார்கள். வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சை நடத்தும் இடம் மூளையின் இடது பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே அடிபட்டால் சிலருக்கு ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சும், எதைக் கேட்டாலும் அதுதான் வாயில் வரும் என்று மருத்துவர் சொன்னார். 1861இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் பார்த்த நோயாளிக்கு ‘டான்’ என்ற ஓசை மட்டும் மிஞ்சியிருந்தது. மூளையில் பேச்சுக்கான இடத்தைக் கண்டுபிடிக்க அந்த நோயாளி ஒரு முக்கியச் சான்றானார்.

என் அம்மாவுக்கு மிஞ்சியது ‘சரி’.

வலிக்கிறதா என்றால் சரி. பசிக்கிறதா என்றால் சரி. நான் யார் தெரிகிறதா என்று கேட்டதற்கும் கண்ணில் நீர் வழியச் சரி என்றாள். வாழ்நாள் முழுக்க அவள் அதிகம் சொன்ன சொல்லும் அதுதானோ என்று அப்போதே தோன்றியது. அதற்குமேல் அதை நினைக்க எனக்குத் துணிவு வரவில்லை.

பதினெட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது ஒரு நர்ஸ் முக்கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். மூக்குக் குழாய் வழியாக இரண்டரை மணிக்கு ஒருமுறை 200 மில்லி கஞ்சி. கொடுக்கும்போது தலைமாடு உயர்ந்திருக்க வேண்டும், கொடுத்து முடித்தும் முக்கால் மணி நேரம் இறக்கக் கூடாது, இறக்கினால் கஞ்சி மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும். ஒவ்வொரு முறையும் குழாயில் போட்ட அடையாளம் மூக்கருகில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூத்திரப் பை எப்போதும் படுக்கைக்குக் கீழே தொங்க வேண்டும். வாதம் அடித்த கையைப் பிடித்துத் தூக்கவே கூடாது, தோள் மூட்டு இறங்கிவிடும். இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இரவிலும். இழுத்துத் திருப்பக் கூடாது, தோல் உரசும். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை, குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்று.

“இரவிலும்” என்று அவர் இரண்டு முறை சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். எழுதுவதில் நான் கெட்டிக்காரன்.

என் தங்கை தூத்துக்குடியில் இருக்கிறாள். தன் மாமியாரைப் படுத்த படுக்கையில் நான்கு வருடம் பார்த்தவள். அந்தக் கிழவியின் முதுகில் ஒரு கீறல் இருந்ததில்லை. மருத்துவமனை வராந்தாவில் வைத்தே சொன்னாள்: “அண்ணே, அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன். எனக்குப் பழக்கம். நீ வாரம் ஒரு தடவ வந்து பாரு.”

மகன் நான் இருக்கும்போது மகள் வீட்டில் அம்மா கிடப்பதா என்றேன். ஊர் என்ன சொல்லும் என்றும் கேட்டேன். அவள் கெஞ்சினாள். நான் குரலை உயர்த்தினேன். வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், ஒரு பெரியவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டல் எனக்குப் பிடித்திருந்தது. என் முதல் பிழை அங்கேதான், அம்மா வீட்டுக்கு வருவதற்கு முன்பே நடந்துவிட்டது. இந்த வேலைக்கு யார் தகுதி என்ற கேள்வி எனக்கு எழவே இல்லை. யாருக்கு உரிமை என்பது மட்டுமே எழுந்தது.

எங்கள் மாவட்டத்தில் தலைக்கூத்தல் என்று ஒன்று உண்டு. படுத்துக் கிடக்கும் முதியவர்களுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரை நிறையக் கொடுத்து, சாவை வரவழைப்பது. அதைக் கொலை என்று டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் உரக்கப் பேசியவன் நான். இப்போதும் அதைக் கொலை என்றுதான் சொல்வேன். ஆனால் அப்படிப் பேசிப் பேசியே, நான் அந்தப் பக்கத்து ஆள் இல்லை என்ற நிச்சயம் எனக்கு வந்திருந்தது. அந்த நிச்சயம்தான் என்னைக் கண்காணிக்க ஆள் இல்லாமல் செய்துவிட்டது.

பகலுக்கு ஓர் ஏஜென்சி மூலம் ஓர் அம்மாள் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை, நாளுக்கு 450 ரூபாய். எட்டாம் வகுப்புவரை படித்தவர். மருத்துவமனையில் சொன்னவற்றை நான் வாசித்துக் காட்டினேன். ஒன்றையும் மறுமுறை கேட்கவில்லை. முதல் நாளே கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்து அறையின் நடுவில் போடச் சொன்னார். “ரெண்டு பக்கமும் நிக்கணும்ல அண்ணே” என்றார். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்த எனக்கு அது தோன்றவில்லை.

அவர் அம்மாவின் உடம்பைப் பார்ப்பதை நான் கவனித்திருக்கிறேன். நோயைப் பார்க்கும் பார்வை இல்லை அது. துடைக்கும்போது ஒவ்வொரு விரல் இடுக்கையும் பிரித்துப் பார்ப்பார். காது மடிப்பைத் தூக்கிப் பார்ப்பார். குதிகாலை உள்ளங்கையில் ஏந்திச் சூடு பார்ப்பார். அம்மாவின் புறங்கையில் பச்சை குத்திய தேளைச் சுற்றி எண்ணெய் தடவிக்கொண்டே, தன் வீட்டுக் கதையைச் சொல்வார். பதில் வராது என்று தெரிந்தும் ஒரு கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருப்பார். அம்மாவின் ‘சரி’ வந்த பிறகுதான் அடுத்த வேலை.

இரண்டாவது வாரம் என்னிடம் சொன்னார்: “அண்ணே, பாட்டி சொல்றது ஒரே சரி இல்ல. வலிச்சா இழுத்துச் சொல்லுது. வேணாம்னா வெட்டுனாப்ல வரும். நனைஞ்சிருந்தா ரெண்டு தடவ சொல்லும். நீங்களும் கேட்டுப் பாருங்க.”

கேட்டுப் பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒன்றாகவே இருந்தது. அறுபது வருடம் அவள் குரலைக் கேட்டு வளர்ந்தவன் நான். இரண்டு வாரத்தில் அவருக்குப் பிடிபட்டது எனக்குப் பிடிபடவில்லை. அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

இரவு என்னுடையது. என் மனைவிக்கு முடக்குவாதம், விரல்கள் மடங்கிப்போனவை. அவளால் தூக்கவோ திருப்பவோ முடியாது. கேழ்வரகுக் கஞ்சியும் பருப்புத் தண்ணீரும் காய்ச்சி, வெள்ளைத் துணியில் இரண்டு முறை வடிகட்டி, பகல் முழுக்க அவள் பங்கை அவள் செய்தாள். இரவுக்கும் ஓர் ஆள் வைத்துவிடலாம் என்று அவள் டிசம்பரில் சொன்னாள். ஓய்வுக்காலப் பணம் வங்கியில் வைப்புத்தொகையாக இருந்தது. பணம் இல்லாமல் இல்லை. “என் அம்மாவுக்கு நான் செய்வேன்” என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிட்டேன்.

சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழுவரை சொந்தக்காரர்கள் வருவார்கள். அந்த நேரத்துக் கஞ்சியை நானே கொடுப்பேன். கட்டிலோரம் உட்கார்ந்து, சிரிஞ்சை உயர்த்திப் பிடித்து, மெதுவாக இறங்கவிடுவேன். “இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையா” என்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அவர்கள் போன பிறகு சிரிஞ்சைக் கழுவாமல் வைத்துவிட்டு எழுந்துபோன நாட்கள் உண்டு.

முதல் இரண்டு மாதங்களுக்கு மேல் இரவிலும் எழுந்தேன். அலாரம் அடிக்கும், எழுவேன், முழங்காலை மடக்கி, தோளிலும் இடுப்பிலும் கைவைத்து என் பக்கமாக உருட்டுவேன். நாற்றம் பழகிவிட்டது. அது பெரிய விஷயம் இல்லை, யாருக்கும் ஒரு வாரத்தில் பழகிவிடும். எனக்குப் பழகாதது வேறு. நான் செய்த வேலை எல்லாம் கையெழுத்துப் போட்டால் முடிந்துவிடும் வேலை. இது முடியவில்லை. பன்னிரண்டு மணிக்குச் செய்ததை இரண்டு மணிக்குக் கலைத்துச் செய்ய வேண்டும், இரண்டு மணிக்குச் செய்ததை நான்கு மணிக்கு. செய்து முடித்ததற்கு ஓர் அடையாளமும் இல்லை. நன்றாகச் செய்தால் ஒன்றும் நடக்காமல் இருக்கும், அதுதான் பலன். அந்த ஒன்றும் நடக்காததை வைத்துக்கொண்டு என்னால் இரவைக் கடக்க முடியவில்லை. இரவில் பார்க்க யாரும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஜனவரியில் அம்மா இடது கையால் மூக்குக் குழாயை ஒரே வாரத்தில் இரண்டு முறை இழுத்துப்போட்டாள். மறுபடி போடுவதற்கு ஆள் வர வேண்டும், 600 ரூபாய் ஆகும், அம்மாவுக்குக் குமட்டும், கண் பிதுங்கும். மூன்றாவது முறை கையைக் கொண்டுபோனபோது நான் அந்தக் கையில் அடித்தேன். பிறகு ஒரு துண்டை எடுத்து அந்த மணிக்கட்டைக் கட்டில் கம்பியோடு கட்டினேன். அவள் உடம்பில் அசைந்துகொண்டிருந்தது அந்த ஒரு கைதான். கட்டும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டி முடித்ததும் சொன்னாள்: “சரி.”

காலையில், பகலுக்கு வரும் அக்கா வந்து முடிச்சை அவிழ்த்தார். மணிக்கட்டில் இருந்த தடத்தைத் தேங்காய் எண்ணெய் விட்டு நீவினார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் பழைய வேட்டித் துணியில் விரல் இல்லாத ஒரு கையுறையைத் தைத்துக்கொண்டு வந்தார், உள்ளே பஞ்சு வைத்து. அதைப் போட்டுவிட்டால் கை தாராளமாக அசையும், குழாயைப் பிடிக்க வராது. எவ்வளவு சின்ன வேலை அது. ஓர் இரவில் தைத்துவிடலாம். எனக்குத் துண்டும் முடிச்சும்தான் தோன்றின.

முதல் பொய் வரி ஜனவரி கடைசியில். அன்று கடும் அசதி. இரண்டு மணி அலாரத்தை அணைத்துவிட்டு, படுத்தபடியே, “இப்படியே தூங்குறியாம்மா? விடிஞ்சதும் திருப்புறேன்” என்று கேட்டேன். “சரி” என்றாள். அந்தச் சொல்லை நான் அனுமதியாக எடுத்துக்கொண்டேன். வேறு எந்தச் சொல்லும் சொல்ல முடியாதவளிடம் போய்க் கேள்வி கேட்டு, பதில் வாங்கிக்கொண்டு தூங்கினேன். காலையில் நோட்டில் இரண்டு கட்டங்கள் காலியாக இருந்தன. பகல் அக்கா வந்து பார்ப்பாரே என்ற கூச்சத்தில் நிரப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. அம்மா எப்போதும்போல இருந்தாள். அடுத்த வாரம் மூன்று இரவு. பிப்ரவரி நடுவில் அலாரம் வைப்பதையே விட்டுவிட்டேன். காற்று மெத்தை வாங்கிப் போட்டிருக்கிறோமே, அது பார்த்துக்கொள்ளும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மோட்டாரில் ஓடும் மெத்தை, மின்சாரம் போனால் அரை மணியில் அமுங்கிவிடும். ஓடினாலும் அது திருப்பிப் படுக்கவைப்பதற்கு ஈடாகாது. இதையும் அந்த நர்ஸ் சொல்லியிருந்தார், நானும் எழுதியிருந்தேன்.

பிப்ரவரி 24ஆம் தேதிக்கான பக்கத்தில் பகல் அக்காவின் கோணல் எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: ‘இடுப்பு கீழ கருப்பு.’ வாயாலும் சொன்னார். “அண்ணே, வால் எலும்புகிட்ட ஒரு எடம் கறுத்துப்போயி, தொட்டா கல்லு மாதிரி இருக்கு. சூடா இருக்கு. ராத்திரில மல்லாக்க விடாதீங்க.” படுக்கைப் புண் சிவந்து தொடங்கும் என்று படத்தில் போட்டிருப்பார்கள். நம்முடைய நிறத்தில் சிவப்பு தெரியாது. கறுக்கும், தடிக்கும், சூடேறும். அதைக் கை வைத்துக் கண்டுபிடித்துச் சொன்னார் அவர். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் நசுங்கும் சதைக்கு ரத்தம் போவதில்லை, சில மணி நேரத்தில் அது சாகத் தொடங்கும். சாவு உள்ளிருந்து மேலே வரும். தோலில் தெரியும்போது உள்ளே வெகுதூரம் போயிருக்கும். அம்மாவுக்குச் சர்க்கரையும் இருந்தது.

நான் அவரிடம் சொன்ன பதில்: “சரி.”

மார்ச்சில் தோல் பிய்ந்தது. மேலே ஓர் ஐந்து ரூபாய்க் காசளவு. தங்கை வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை அது. அவள்தான் வாடை பிடித்துச் சொன்னாள். மறுநாள் மருத்துவர் வீட்டுக்கு வந்து, கருவியை உள்ளே விட்டுப் பார்த்தார். மேலே காசளவு, உள்ளே குகை மாதிரி. எலும்பைத் தொட்டுவிட்டது. கையுறையைக் கழற்றிக்கொண்டே, “யார் பார்த்துக்கிறீங்க?” என்று கேட்டார்.

நான் நோட்டை நீட்டினேன்.

பக்கங்களைப் புரட்டினார். இரவுக் கட்டங்கள் ஒன்றுவிடாமல் நிரம்பியிருந்தன, நீலத்திலும் கறுப்பிலும். பகலில் இடைவெளிகள் இருந்தன. ‘2 மணி. கஞ்சி குடுத்து அரமணி ஆகல. திருப்பல. 2.40 திருப்பினேன்.’ ‘4 மணி. பாட்டி வாந்தி. திருப்பல.’ அக்கா நடந்ததை எழுதியிருந்தார், நடக்காததை நடக்கவில்லை என்று எழுதியிருந்தார். 31 வருடத் தணிக்கையில் அவ்வளவு நேர்மையான பதிவேட்டை நான் நாலைந்துகூடப் பார்த்திருக்க மாட்டேன். மருத்துவர் பிப்ரவரி 24ஐப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் வருவதற்குள் நோட்டை நான் வாங்கிக்கொண்டேன். “பகல்லதான் கேப் விழுது போல” என்றார்.

தங்கை அக்காவின் பக்கம் திரும்பினாள். என் தங்கை கடுஞ்சொல் பேசுகிறவள் இல்லை. அன்று பேசினாள். சம்பளம் வாங்கலையா, மனுஷிதானா நீ, உன் ஆத்தாவா இருந்தா இப்படி விடுவியா என்றாள். அக்கா என்னைப் பார்த்தார். ஒரு முறைதான். நான் மருத்துவரின் பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனேன். ஏஜென்சிக்குப் போன் போட நம்பர் கேட்டாள் தங்கை. கொடுத்தேன்.

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் விட இதைத்தான் நான் சொல்ல வேண்டியிருந்தது. மற்றவற்றில் அசதி இருக்கிறது, அறியாமை இருக்கிறது. இதில் அவை இல்லை. ஒரு வாக்கியம் போதும், அதற்கு மூச்சு இருந்தது, நேரம் இருந்தது. பத்து எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

மறுநாள் தன் டிபன் டப்பாவையும் மாற்றுச் சேலையையும் எடுத்துப்போக அக்கா வந்தார். தங்கை உள்ளே இருந்தாள். முற்றத்தில் நின்று, தாழ்ந்த குரலில் என்னிடம் மட்டும் சொன்னார்: “அண்ணே, ராத்திரிக்கு நான் விரிச்சுட்டுப் போற துணி காலையில மடிப்புக் கலையாமக் கெடக்கும். முழங்காலுக்கு நடுவுல வைக்கிற தலகாணி, நான் சேர்ல வச்ச எடத்துலயே இருக்கும். நாப்பது நாளாப் பாத்தேன். நீங்க அசந்துபோயிருக்கீங்கன்னு நெனச்சேன். வாயத் தொறந்து கேட்டுருக்கணும். என்மேலயும் தப்பு இருக்கு.” பிறகு, புண் இருக்கும் இடம் மெத்தையில் படாமல் எப்படிச் சாய்த்துப் படுக்கவைப்பது என்று தன் உடம்பையே சாய்த்துக் காட்டினார். ரொம்பச் சாய்த்தால் இடுப்பெலும்புப் பக்கம் புண் வரும், அரைவாசிச் சாய்வு போதும் என்றார். அம்மாவிடம் சொல்லிக்கொள்ள உள்ளே போகட்டுமா என்று கேட்டார். தங்கை இருப்பதால் வேண்டாம் என்றேன்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. இரவுக்கு ஆள் வைத்தேன், டிசம்பரில் மனைவி சொன்னதை மார்ச்சில் செய்தேன். தினம் டிரெஸ்ஸிங். செத்த சதையை வெட்டி எடுத்தார்கள். முட்டை வெள்ளைக்கருவைக் கஞ்சியில் கலந்து கொடுத்தோம். நானும் பல இரவுகள் விழித்திருந்தேன். பயம் விழிக்கவைத்தது. அம்மாவின் ‘சரி’களைப் பிரித்துக் கேட்க அப்போதும் முயன்றேன். கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. டிரெஸ்ஸிங்கின்போது அவள் சொன்ன சரிகள் எந்தச் சரிகள் என்று இப்போது ஊகிக்கிறேன், அவ்வளவுதான். 2018 டிசம்பரில் நிமோனியாவில் இறந்தாள். வந்தவர்கள் எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது உங்களுக்குத் தெரியும்.

துக்கம் முடிந்த பிறகு ஒருநாள் திருக்குறளைப் புரட்டியபோது ‘மருந்து’ அதிகாரத்தின் கடைசிக் குறளில் நின்றுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் ஒப்பித்த குறள்தான். மருத்துவத்தை நான்கு கூறாகச் சொல்கிறார் வள்ளுவர்: நோயாளி, மருத்துவன், மருந்து, உழைச்செல்வான். அருகிலிருந்து பார்த்துக்கொள்பவனை மருத்துவனுக்குச் சமமாக ஒரு கூறாக வைக்கிறார். பரிமேலழகர் உரையில் அந்த உழைச்செல்வானுக்கும் நான்கு தகுதிகள் சொல்லப்பட்டிருக்கின்றன. நோயாளியிடம் அன்பு, மனமும் சொல்லும் உடலும் தூய்மையாக இருத்தல், சொன்னதைச் சொன்னபடி செய்யும் திறம், அறிவு. அன்பு நான்கில் ஒன்றுதான் என்பதை என் 61ஆம் வயதில், அம்மா போன பிறகு வாசித்தேன். எனக்கு அவள்மேல் அன்பு இருந்தது, இதை எழுதும்போதும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அது இருந்ததாலேயே மற்ற மூன்றும் இருக்கும் என்று ஊரும் உறவும் எடுத்துக்கொண்டன, நானும் எடுத்துக்கொண்டேன். 450 ரூபாய்க்கு வந்தவருக்கு முதல் நாளில் என் அம்மாமேல் என்ன அன்பு இருந்திருக்க முடியும்? அவரிடம் மற்ற மூன்றும் இருந்தன. அவற்றைச் செய்யச் செய்ய, முதலாவது தானாக வந்தது. நான் கண்ணால் பார்த்தேன்.

நான்கில் நான் அதிகம் திரும்பப் போய் நிற்பது தூய்மை என்ற சொல்லில். நல்ல பராமரிப்பாளர் இரவெல்லாம் விழித்திருப்பவர் என்றுதான் முன்பு நினைத்திருந்தேன். யாராலும் இரவெல்லாம், மாதக்கணக்கில், தனியாக விழித்திருக்க முடியாது. என் தங்கையும் விழித்திருக்கவில்லை. தன் மகனோடும் கணவரோடும் முறை வைத்துக்கொண்டுதான் மாமியாரைப் பார்த்தாள் என்று பின்னால் சொன்னாள். தூங்கியது என் குற்றம் இல்லை. ‘2 மணி. திருப்பல. தூங்கிட்டேன்’ என்று நான் எழுதியிருந்தால் போதும். காலை எட்டு மணிக்கு அக்கா அதைப் பார்த்திருப்பார், அன்று பகல் முழுக்க அம்மாவை மல்லாக்க விடாமல் வைத்திருப்பார், இரண்டாம் நாள் அந்த வரி மறுபடி வந்தால் இரவுக்கு ஆள் கேட்டிருப்பார். காலியான கட்டம் ஒரு கூப்பிடு குரல். நான் அதை அடைத்தேன்.

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தைப் படித்தேன். முதியவரைப் பராமரிக்க வேண்டியவர் அவரைக் கொண்டுபோய் எங்காவது விட்டுவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நான் அம்மாவை எங்கும் விடவில்லை. என் வீட்டில், கூடத்துக்கு அடுத்த அறையில், காற்று மெத்தையில், என் கட்டிலிலிருந்து நான்கடி தூரத்தில் வைத்திருந்தேன்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அதன் பிறகு எங்கள் தெருவில் வாதம் அடித்த ஒரு பெரியவர் வீட்டுக்கும் இயன்முறை மருத்துவரும் நர்ஸும் வந்துபோவதைப் பார்த்தேன். ஒருநாள் நானும் அங்கே இருந்தேன். அந்த நர்ஸ் பெரியவரைத் திருப்பி முதுகைப் பார்த்துவிட்டு, மருமகளிடம் முதலில் கேட்ட கேள்வி: “ராத்திரி யாரு பாக்குறா? நீங்க எப்ப தூங்குறீங்க?” அந்தப் பெண் அழுதுவிட்டாள். என்னால் அங்கே உட்கார முடியவில்லை, செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் வீட்டுக்கு வந்தேன். அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்று எனக்கே உறுதி இல்லை.

தங்கையிடம் சொன்னது போன வருடம்தான். நோட்டை அவள் கையில் கொடுத்து பிப்ரவரி 24ஐக் காட்டினேன். வெகுநேரம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அந்தப் பொம்பளைய என்ன பேச்சுப் பேசுனேன் அண்ணே” என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு அவள் வரவில்லை.

அக்காவை அதற்கு முன்பே ஒருமுறை பார்த்தேன், அம்மா இறந்து ஐந்தாறு மாதம் கழித்து. பஸ் ஸ்டாண்டில், சாத்தூர் பஸ் நிற்கும் இடத்தில். இளைத்திருந்தார். அந்த ஏஜென்சி பிறகு அவரை எங்கும் அனுப்பவில்லை, தீப்பெட்டி ஆபீஸில் வேலைக்குப் போவதாகச் சொன்னார். அம்மா போனது அவருக்குத் தெரிந்திருந்தது. சொல்லிவிட வேண்டும் என்று நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கேட்டார்:

“அண்ணே, பாட்டிக்குக் கடைசியில புண்ணு மூடிருச்சா?”

“மூடிருச்சு” என்றேன். அவர் முகம் தெளிந்தது. பஸ் வந்துவிட்டது, ஏறிப்போனார்.

மூடவில்லை. குளிப்பாட்டும்போது தங்கையோடு சேர்ந்து பார்த்தேன். இரண்டு விரல் அகலம், உள்ளே வெள்ளையாக எலும்பு தெரிந்தது.